குல்மார்க்கில் பனிச்சறுக்கு: பொங்கல் லீவா, மாசிப் பனியா?

2024 பொங்கல் லீவில் காஷ்மீரின் குல்மார்க்கில் நாங்கள் பார்த்தது காய்ந்த புல். ஜனவரி நடுவில், கடல் மட்டத்திலிருந்து 2,650 மீட்டர் உயரத்தில், ஊரே வெண்மையாக இருக்க வேண்டிய நேரத்தில் மைதானம் முழுக்கப் பழுப்பு நிறம். மர நிழல் விழும் இடங்களில் மட்டும் அழுக்கேறிய பனி திட்டுத் திட்டாகக் கிடந்தது. பத்து வயது மகள் அந்தத் திட்டில் ஒன்றின் மேல் ஏறி நின்று, "அம்மா, இவ்ளோதானா?" என்று கேட்டாள். அவளுக்காகவே ஆறு மாதம் முன்னால் விமான டிக்கெட் எடுத்து, அறை புக் செய்து, கோவையில் கிடைக்காத தடித்த கையுறைகளைத் தேடி வாங்கி வந்திருந்தோம்.

2023 டிசம்பரிலும் 2024 ஜனவரியின் பெரும்பகுதியிலும் காஷ்மீரில் மழையும் பனியும் மிகக் குறைவு. செய்திகளில் குல்மார்க்கின் வெறும் மண் படங்கள் வந்தது பலருக்கு நினைவிருக்கும். எங்களுக்கு டூர் ஏற்பாடு செய்தவர், "ஜனவரின்னா பனி கண்டிப்பா இருக்கும்" என்று சொன்னதை நம்பிப் போனோம். அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் தேதியைத் தேர்ந்தெடுத்தது நாங்கள்தான். பள்ளிக்கு எப்போது லீவு என்று பார்த்தோமே தவிர, மலைக்கு எப்போது பனி என்று யாரிடமும் விசாரிக்கவில்லை.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு முறை போய்விட்டோம். ஒன்று தவறான நேரம், ஒன்று சரியான நேரம். மூன்றையும் சேர்த்து எழுதினால், முதல் முறை பனிச்சறுக்குக் கற்க நினைக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு உதவும் என்று தோன்றியது.

முதலில் பனி அங்கே எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்கு வடகிழக்குப் பருவமழை வங்கக் கடலிலிருந்து வருவதுபோல, காஷ்மீருக்குக் குளிர்காலப் பனி மேற்கிலிருந்து வருகிறது. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள் ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக நகர்ந்து வந்து இமயமலையில் மோதுகின்றன. வானிலைத் துறை இவற்றை 'மேற்கத்திய இடையூறு' என்கிறது. இவை நம் மழைபோல நாள் கணக்காக விடாமல் கொட்டுவதில்லை, அலை அலையாக வரும். ஒரு அலை வந்து இரண்டு மூன்று நாள் பொழியும், அப்புறம் வானம் வெளுக்கும், அப்புறம் அடுத்த அலை. சில வருடங்களில் அலையே வராமல் ஒரு மாதம் ஓடிவிடும். 2024 ஜனவரியில் நாங்கள் மாட்டிக்கொண்டது அந்த இடைவெளியில்.

குளிரைக் கணக்கிட காஷ்மீரிகளிடம் ஒரு நாள்கணக்கு இருக்கிறது. நாம் அக்னி நட்சத்திரம் எப்போது ஆரம்பம், எப்போது முடிவு என்று சொல்வோமே, அதேபோல. டிசம்பர் 21 முதல் 40 நாள் 'சில்லா இ கலான்', பெரிய குளிர். அடுத்த 20 நாள் 'சில்லா இ குர்த்', சின்னக் குளிர். கடைசி 10 நாள் 'சில்லா இ பச்சா', குழந்தைக் குளிர். மொத்தம் 70 நாள், மார்ச் தொடக்கத்தோடு முடியும். எங்களை ஸ்ரீநகரிலிருந்து அழைத்துப்போன ஓட்டுநர்தான் இதை முதலில் சொன்னார். பெரிய குளிரில் விழும் பனிதான் நிற்கும், அதுதான் கோடையில் ஆறுகளுக்குத் தண்ணீர் தரும், அதற்குப் பிறகு விழுவது சீக்கிரம் உருகிவிடும் என்றார். அவர் சொன்னது விவசாயத்துக்கான கணக்கு. சறுக்கக் கற்றுக்கொள்பவரின் கணக்கு அதிலிருந்து கொஞ்சம் தள்ளி வருகிறது. அது எனக்குப் புரிய இன்னொரு பயணம் தேவைப்பட்டது.

2024 டிசம்பரில் அரையாண்டு லீவில் மறுபடி கிளம்பினோம். மகள் விடவில்லை. இந்த முறை பனி இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்தோம். ஓரளவு இருக்கிறது என்றார்கள். 26ஆம் தேதி குல்மார்க் போய்ச் சேர்ந்தோம். 27ஆம் தேதி பனி கொட்டத் தொடங்கியது. அதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும், அதை மறுக்க மாட்டேன். ஜன்னலுக்கு வெளியே ஊசியிலை மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. மகள் வெளியே ஓடி வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.

ஆனால் சறுக்கு? ஒரு மணி நேரம்கூட உருப்படியாக நடக்கவில்லை. மேகம் தரைவரை இறங்கிவிட்டால் வானமும் தரையும் ஒரே வெள்ளை. மேடு எது, பள்ளம் எது என்று கண்ணுக்குத் தெரியாது. நிழலே விழாது. நின்றுகொண்டிருக்கிறோமா நகர்கிறோமா என்பதுகூடச் சட்டென்று பிடிபடாது. அனுபவசாலிகளே அப்படிப்பட்ட நேரத்தில் மரங்களை ஒட்டிப் போவார்களாம். புதிதாகக் கற்பவர் நிற்கக்கூடத் தடுமாறுவார்.

மறுநாள் காலை கொஞ்சம் வெளிச்சம் வந்தபோது பயிற்சியாளர் எங்களை மைதானத்துக்கு அழைத்துப் போனார். ஸ்கீயை, அதாவது சறுக்குப் பலகையை, மாட்டியதும் முழங்கால்வரை புதைந்துவிட்டோம். என் கணவர் விழுந்தவர் எழுந்திருக்க முயன்று கைத்தடியை ஊன்றினார். தடி கைப்பிடிவரை உள்ளே போனது, அடியில் பிடிமானமே இல்லை. பயிற்சியாளர் அவருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, என்னிடம் இந்தியில் சொன்னார்: "பாபிஜி, இது தெரிந்தவர்களுக்கான பனி. உங்களுக்கு வேண்டியது உட்கார்ந்த பனி."

உட்கார்ந்த பனி. இந்த ஒரு சொல்லுக்காக அந்தப் பயணத்துக்குச் செலவு செய்த பணம் வீண் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். பனி விழுவது வேறு, பனி படிவது வேறு. புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்று. நாலு நாள் வெயிலும் இரவுக் குளிரும் பட்டு, அதன் எடையே அதை அமுக்கி, வண்டி விட்டுச் சமன் செய்த பிறகுதான் அது ஒரு தளமாகிறது. அந்தத் தளத்தில்தான் ஸ்கீ வழுக்கும், திரும்பும், நிற்கும். ஆழமான புதுப்பனியைத் தேடி ஐரோப்பாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் குல்மார்க் வருகிறார்களே, அவர்கள் விரும்புவது வேறு. அவர்களுக்கு ஊருக்கு மேலேயுள்ள அஃபர்வத் மலையில் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை பொழிவது பொக்கிஷம். நமக்கு அதே பொழிவு தடை. ஒரே ஊர், ஒரே பனி, ஆளுக்கு ஏற்ப நல்ல நேரம் மாறுகிறது. 'சீசன் எப்போது' என்று பொதுவாகக் கேட்டால் கிடைக்கும் பதில் யாருக்கும் பயன்படாமல் போவது இதனால்தான்.

அந்த முறை திரும்புவதும் பெரும்பாடாகிவிட்டது. குல்மார்க்கிலிருந்து மலைப்பாதையில் 13 கிலோமீட்டர் கீழே இருக்கும் ஊர் தங்மார்க். பனி விழுந்துவிட்டால் அந்த மலைப்பாதையில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய வண்டிகளைத்தான் விடுவார்கள். 28ஆம் தேதி ஸ்ரீநகரில் விமானங்களும் நின்றுபோயின. மின்சாரம் போய்ப் போய் வந்தது. கணப்பு இல்லாத அறையில் இரண்டு கம்பளிக்குள் மகளை நடுவில் வைத்துப் படுத்த இரவை நான் மறக்க மாட்டேன். இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம்: டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் போகிறவர்கள் திரும்பும் நாளுக்கும் வேலைக்குச் சேரும் நாளுக்கும் இடையில் இரண்டு நாளாவது காலியாக வைத்துக்கொள்ளுங்கள். குல்மார்க்கிலிருந்து நேராக விமான நிலையம் போகும்படி திட்டம் போடாமல், கடைசி இரவை ஸ்ரீநகரில் தங்குங்கள். இடையில் இருக்கும் அந்த 50 கிலோமீட்டர்தான் மொத்தப் பயணத்தையும் கவிழ்க்கக்கூடியது.

மூன்றாவது முறை லீவுக்குத் தேதி பார்க்கவில்லை. பனிக்குத் தேதி பார்த்தோம்.

2025 பிப்ரவரி இரண்டாம் பாதியில் போகலாம் என்று மனதுக்குள் வைத்திருந்தோம். எல்லோரும் நல்ல நேரம் என்று சொல்வது அதைத்தான். ஆனால் அந்த வருடம் டிசம்பர் பொழிவுக்குப் பிறகு ஜனவரியும் வறண்டது, பிப்ரவரியும் வறண்டது. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் பிப்ரவரி 22ஆம் தேதி குல்மார்க்கில் தொடங்க இருந்தன. போதிய பனி இல்லை என்று தள்ளிவைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்ததும் நாங்களும் தள்ளிவைத்தோம். முந்தின வருடமும் இதே கதைதான், போட்டிகள் கடைசியில் பிப்ரவரி 21 முதல் 25வரை நடந்தன. இதை ஒரு நல்ல அறிகுறியாகவே இப்போது வைத்திருக்கிறேன். நாடு முழுவதிலிருந்தும் வீரர்களை வரவழைப்பவர்கள் தளத்தை அளந்து பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். அவர்களே தள்ளிப்போட்டால் நாமும் பொறுக்கலாம்.

பிப்ரவரி கடைசி வாரத்தில் பெரிய அலை ஒன்று வருகிறது என்று ஸ்ரீநகர் வானிலை மையம் சொன்னது. சொன்னபடியே 26 முதல் 28வரை நன்றாகப் பொழிந்தது. மார்ச் 1ஆம் தேதி டிக்கெட் எடுத்தோம், 5ஆம் தேதி போய்ச் சேர்ந்தோம். கடைசி நேரம் என்பதால் விமானத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆனது. ஆனால் அறை வாடகை பொங்கல் நேரத்தில் கொடுத்ததில் ஏறக்குறைய பாதி. கூட்டிக் கழித்தால் செலவு குறைவு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வாரம் லீவு கேட்டபோது வகுப்பாசிரியை, முழுஆண்டுத் தேர்வு ஏப்ரலில்தானே, விட்ட பாடத்தை எழுதிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். எல்லோருக்கும் இப்படி அமையாது, தெரியும். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மார்ச் மாதத்தைப் பற்றி யோசிக்கவே முடியாது.

மார்ச் முதல் வாரம் என்றால் நம் கணக்கில் மாசி. 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார். நம் ஊரில் அது விடியற்காலை ஈரத்தைப் பற்றிய பேச்சு. குல்மார்க்கில் மாசியின் பின்பாதியில் நடப்பது இது: இரவு உறைகிறது, பகல் உருகுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் தினமும் ஒரு நல்ல நேரம் பிறக்கிறது. அதைப் பிடிக்கத் தெரிந்துவிட்டால் போதும்.

காலை ஒன்பது மணிக்குத் தளம் கல்லாக இறுகியிருக்கும். ஸ்கீயின் விளிம்பு பட்டால் கரகரவென்று சத்தம் வரும், விழுந்தால் இடுப்பு வலிக்கும். பத்தரை வாக்கில் மேலே ஒரு விரல் கனத்துக்கு இளகும். அப்போதிலிருந்து ஒரு மணிவரை பொன்னான நேரம். ஸ்கீ வழுக்கவும் செய்யும், சொன்ன இடத்தில் நிற்கவும் செய்யும். இரண்டு மணிக்கு மேல் பனி நீர் கோத்துக் கனக்கத் தொடங்கும். கையுறையோடு ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். உதிர்ந்தால் அது உலர்ந்த பனி. உருண்டையாக நின்றால் நல்ல பதம். விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டினால் அன்றைக்குப் போதும், அறைக்குத் திரும்பிவிட வேண்டும்.

இதை மீறியதன் விளைவை நான் அனுபவித்தேன். இரண்டாம் நாள் மூன்று மணி, இன்னும் ஒரே ஒரு முறை என்று மேலே போனேன். பாதி இறங்கும்போது வலது ஸ்கீ ஈரப் பனியில் சிக்கி நின்றுவிட்டது, உடம்பு மட்டும் முன்னால் போனது. முழங்கால் திருகிக்கொண்டது. பெரிய காயம் இல்லை. ஆனாலும் மறுநாள் முழுக்க நான் கரையில் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். களைப்பும் கனத்த பனியும் சேரும் பிற்பகலில்தான் முழங்கால்கள் அதிகம் போகும் என்று பயிற்சியாளர் சொன்னார். ஐந்து நாள் பயணத்தில் ஒரு நாள் போவது சின்ன இழப்பு இல்லை.

மார்ச்சில் இன்னொன்றிலும் கவனம் வேண்டும், வெயில். குளிராக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அனுப்பும். உயரம் ஏற ஏறக் கதிரின் வீரியமும் கூடும். அதாவது வெயில் மேலிருந்து மட்டுமில்லை, கீழிருந்தும் அடிக்கிறது. முகவாயின் அடிப்பக்கம், மூக்குத் துவாரத்தின் ஓரம் எல்லாம் என் கணவருக்குக் கருகித் தோல் உரிந்தது. நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று சன்ஸ்கிரீனை ஒதுக்கிவிடாதீர்கள். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அரை நாள்கூட வெளியே நிற்காதீர்கள்.

தொங்கு வண்டி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் தேதியை அதை வைத்தே முடிவு செய்கிறார்கள். குல்மார்க் கோண்டோலா இரண்டு கட்டமாக ஏறுகிறது. 1998இல் திறந்த முதல் கட்டம் கொங்தூரிவரை, சுமார் 3,100 மீட்டர். 2005இல் திறந்த இரண்டாம் கட்டம் அஃபர்வத் சிகரத்தின் தோள்வரை, ஏறக்குறைய 3,950 மீட்டர். பலத்த காற்றடித்தாலோ பனி பொழிந்தாலோ இரண்டாம் கட்டத்தை மூடிவிடுவார்கள். பொழிவு நின்ற பிறகும் பனிச்சரிவு ஆபத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் திறப்பார்கள். இதற்காக வருத்தப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் புதிதாகக் கற்பவருக்கு முதல் மூன்று நான்கு நாள் கோண்டோலாவே தேவையில்லை. ஊர் நடுவிலுள்ள மைதானச் சரிவுகள் போதும், மேலே இழுத்துச் செல்லும் சின்ன லிஃப்ட் அங்கேயே இருக்கிறது. அடியில் பாறை இல்லாத புல்தரை என்பதால் ஒன்றரை அடி படிந்த பனி இருந்தாலே அங்கே பழகலாம். மேலே அஃபர்வத்தில் பாறைகளை மூட அதைவிடப் பல மடங்கு வேண்டும்.

மேலே போகிறவர்கள் அடையாளமிட்ட பாதையை விட்டு ஓர் அடிகூட விலகக் கூடாது. 2023 பிப்ரவரி 1ஆம் தேதி அஃபர்வத்தில் பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22ஆம் தேதி, போட்டிகள் நடந்துகொண்டிருந்த அதே வாரத்தில், ரஷ்யர் ஒருவர் இறந்தார். பெரும் பொழிவு முடிந்த முதல் ஓரிரு நாளில் பழைய தளத்தின் மேல் புதுப்பனி ஒட்டாமல் கிடக்கும்போதுதான் ஆபத்து உச்சத்தில் இருக்கும். பொழிவு நின்றதும் ஓடிப்போகாமல் நாலைந்து நாள் விட்டுப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவுலி எப்படி என்று தோழி ஒருத்தி கேட்டாள். உத்தராகண்டில் இருக்கும் அவுலியின் சரிவுகள் அகலமாக, கற்பதற்கு இதமாக இருக்கும். கர்வால் மண்டல் விகாஸ் நிகம் பயிற்சி வகுப்புகளும் நடத்துகிறது. ஆனால் அங்கே பனிக்காலம் குறுகியது, ஜனவரி கடைசியும் பிப்ரவரியும்தான் நம்பலாம். மார்ச்சுக்குத் தள்ளிப்போடும் தந்திரம் அங்கே அவ்வளவாகப் பலிக்காது. மே மாத லீவில் குல்மார்க் போனால் கோண்டோலாவில் ஏறி மேலே மிச்சமிருக்கும் பனியைத் தொட்டுப் பார்க்கலாம், சறுக்கக் கற்க முடியாது.

கிறிஸ்துமஸ் லீவை விட்டால் வேறு வழியே இல்லை என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். போங்கள், ஆனால் பனி பார்க்கப் போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லி அழைத்துப் போங்கள். சறுக்கு அமைந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் என் மகளிடம் அப்படிச் சொல்லியிருந்தால் அந்த முதல் பயணத்தில் அவள் விமானத்தில் அழுதுகொண்டே திரும்பியிருக்க மாட்டாள். தேதியை நகர்த்த முடிந்தவர்கள் பிப்ரவரி 10இலிருந்து மார்ச் 15வரை ஒரு வாரத்தை மனதில் வைத்து, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையை மட்டும் பிடித்துவையுங்கள். அப்புறம் வானிலை அறிக்கையைப் பாருங்கள். அங்கே பயிற்சியாளர் யாரையாவது முன்பே தெரிந்துவைத்திருந்தால், மைதானத்தை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அன்றைய தேதியில் எடுத்த அந்தப் படத்தைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது. நாங்கள் மார்ச் 1ஆம் தேதி டிக்கெட் எடுத்தது அப்படி ஒரு படத்தைப் பார்த்துத்தான். அதில் மைதான வேலியின் மேல்கம்பி மட்டும் வெளியே தெரிந்தது.

கடைசி நாள், மார்ச் 9. போட்டிக்கு வந்த வீரர்களால் ஊர் நிறைந்திருந்தது. எங்களுக்குப் பிற்பகலில் கிளம்ப வேண்டும், அதனால் காலை ஒன்பதுக்கே மகளைக் கிளப்பி மைதானத்துக்கு அழைத்துப் போனேன். அவள் பூட்ஸை மாட்டவில்லை. கைத்தடியைத் தளத்தில் ஊன்றிப் பார்த்தாள், டக்கென்று சத்தம் கேட்டது. குனிந்து கையுறையால் சுரண்டினாள், ஒன்றும் வரவில்லை.

"இன்னும் இறுகியே இருக்கும்மா. ஒரு மணி நேரம் கழிச்சுப் போலாம்."

பக்கத்தில் ஒரு கடையில் உப்புத் தேநீர் வாங்கிக் குடித்துக்கொண்டு, வெயில் சரிவின் மேல் ஏறுவதைப் பார்த்தபடி இருவரும் உட்கார்ந்திருந்தோம். பத்தரைக்கு அவள் மறுபடி எழுந்துபோய்க் குத்திப் பார்த்தாள்.